பதினாறாம் தெருத் தூதர்

எந்த நாட்டு வெளியுறவுத் துறையும் பொதுவாகத் தன் தூதர்களை ஓரிடத்தில் நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. மூன்று ஆண்டு, மிஞ்சிப்போனால் நான்கு ஆண்டு. அதற்குள் மூட்டை கட்டச் சொல்லிவிடும். போன இடத்து மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு, அவர்கள் பக்கத்து நியாயத்தையே தலைநகருக்கு எழுத ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். சொந்தக் குடிமக்களையே சந்தேகத்தோடு பார்த்த சோவியத் ஒன்றியம் இந்த விஷயத்தில் மற்ற எல்லோரையும்விடக் கறாராக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதுதான் தன் பரம வைரியின் தலைநகரில் ஒரே மனிதரை 24 ஆண்டுகள் உட்கார வைத்தது.

அனத்தோலி தோப்ரினின் 1962 மார்ச்சில் வாஷிங்டனில் தூதராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 42. 1986இல் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது 66. இடையில் கென்னடி, ஜான்சன், நிக்ஸன், ஃபோர்டு, கார்ட்டர், ரீகன் என்று ஆறு அதிபர்களையும், ஏழு வெளியுறவு அமைச்சர்களையும் பார்த்துவிட்டார். மாஸ்கோவில் குருஷேவ் தொடங்கி கொர்பச்சேவ் வரை ஐந்து தலைவர்கள் மாறினார்கள். இதே காலத்தில் அமெரிக்கா மாஸ்கோவுக்கு அனுப்பிய தூதர்கள் ஏழு பேர். வாஷிங்டனில் அதிக காலம் இருந்தவர் என்ற முறையில், அங்குள்ள தூதர்கள் அனைவருக்கும் மூத்தவர் என்ற சம்பிரதாயத் தகுதியும் அவருக்கு வந்தது. முதலாளித்துவத்தின் தலைநகரில், விழா மேடைகளில், வெளிநாட்டுத் தூதர்கள் வரிசைக்கு ஒரு கம்யூனிஸ்ட் தலைமை தாங்கினார்.

அவர் விரும்பித் தேர்ந்த தொழில் அல்ல இது. 1919 நவம்பரில் மாஸ்கோவுக்கு அருகில் ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். விமானப் பொறியியல் படித்து, யாகவ்லேவ் விமான வடிவமைப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போர் முடியும் தறுவாயில், 1944இல், கட்சியிலிருந்து அழைப்பு வந்தது: ராஜதந்திரக் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். அந்தக் காலத்து மாஸ்கோவில் இப்படிப்பட்ட அழைப்புக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று எவரும் பதில் சொன்னதில்லை. 1946இல் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் வாஷிங்டனில் முதல் பணி. பிறகு பொதுச் செயலாளர் ஹாமர்ஷெல்டின் கீழ் ஐ.நா.வில் உயர்பதவி, அதன் பின் அமைச்சகத்தின் அமெரிக்கப் பிரிவுக்குத் தலைவர். அமெரிக்கர்களோடு சிரித்துப் பேசத் தெரிந்த, மேடைப் பேச்சுத் தொனி இல்லாமல் ஆங்கிலம் பேசத் தெரிந்த சோவியத் அதிகாரிகள் அப்போது அபூர்வம்.

அவர் குடியேறிய தூதரகம் வெள்ளை மாளிகையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், பதினாறாம் தெருவில் இருந்தது. ரயில்களுக்குப் படுக்கைப் பெட்டிகள் செய்து கோடீஸ்வரரான ஜார்ஜ் புல்மனின் மனைவிக்காகக் கட்டப்பட்ட மாளிகை அது. ஜார் அரசு வாங்கியது, புரட்சிக்குப் பின் பாட்டாளிகளின் அரசுக்கு வந்து சேர்ந்தது.

வந்து ஏறக்குறைய ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. 1962 அக்டோபர் 22 மாலை ஆறு மணிக்கு வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அவரை வரவழைத்தார். கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகள் நிறுவப்படுகின்றன, கடல்வழி முற்றுகை வருகிறது என்று அதிபர் கென்னடி இன்னும் ஒரு மணி நேரத்தில் தொலைக்காட்சியில் அறிவிக்கப்போகிறார். இதோ உரையின் பிரதி என்று கையில் கொடுத்தார். என் கண்ணெதிரே அந்த மனிதருக்குப் பத்து வயது கூடிவிட்டது என்று ரஸ்க் பின்னாளில் சொன்னார். காரணம் எளியது. கியூபாவில் ஏவுகணை இருக்கிற விஷயம் தோப்ரினினுக்குத் தெரியாது. தன் நாட்டின் ஆயுதங்கள் எங்கே நிற்கின்றன என்பதைத் தூதர் எதிராளியின் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அதைவிடக் கொடுமை, முந்தைய மாதம்தான் அவர் அதிபரின் தம்பியும் நீதித்துறை அமைச்சருமான ராபர்ட் கென்னடியிடம் அப்படி எதுவும் இல்லை, கியூபாவுக்குப் போவதெல்லாம் தற்காப்பு ஆயுதங்களே என்று உறுதி சொல்லியிருந்தார். மாஸ்கோ சொன்னதை அவரும் நம்பினார், நம்பியதைச் சொன்னார். மறுநாள் இரவு ராபர்ட் கென்னடி கொதிப்போடு தூதரகத்துக்கே வந்து இதென்ன நியாயம் என்று கேட்டபோது, எனக்குத் தகவல் இல்லை என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை.

இதே பொய்யைச் சுமந்த இன்னொருவரும் இருந்தார். கியார்கி போல்ஷகோவ், பத்திரிகைக்காரர் என்ற போர்வையில் இயங்கிய ராணுவ உளவு அதிகாரி, ராபர்ட் கென்னடியின் நம்பிக்கைக்குரிய ரகசியத் தொடர்பு. நெருக்கடிக்குப் பிறகு அவரை வாஷிங்டனில் யாரும் நம்பத் தயாராக இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஊருக்குத் திரும்பினார். தோப்ரினின் தப்பினார். தப்பியதற்கு அவருடைய சாமர்த்தியத்தைக் காரணம் சொல்ல முடியாது. ரஸ்கின் அறையில் அவர் முகம் காட்டிய கலக்கத்தை அமெரிக்கர்கள் பார்த்திருந்தார்கள். இவர் நம்மை ஏமாற்றவில்லை, இவரையே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள். மாஸ்கோ செய்த அவமரியாதையே அவருக்கு வாஷிங்டனில் முதலீடாகிப்போனது.

அந்த முதலீடு ஐந்தே நாளில் பயன்பட்டது. அக்டோபர் 27, சனிக்கிழமை. கியூபாவுக்கு மேல் அமெரிக்க யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்துபோயிருந்தார். அன்றிரவு நீதித்துறைக் கட்டடத்தில் ராபர்ட் கென்னடியும் தோப்ரினினும் தனியாகச் சந்தித்தார்கள். தளபதிகள் போருக்கு நெருக்குகிறார்கள், நாளைக்குள் பதில் வேண்டும் என்றார் ராபர்ட். துருக்கியில் நிற்கும் உங்கள் ஜூபிடர் ஏவுகணைகள் என்ன ஆகும் என்று கேட்டார் தோப்ரினின். அவற்றை நான்கைந்து மாதங்களில் அகற்றிவிடலாம், ஆனால் இது வெளியே வரக் கூடாது என்பது கிடைத்த பதில்.

இந்தச் செய்தி மாஸ்கோவுக்குப் போன விதம் இன்று படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. தூதரகத்துக்கும் கிரெம்ளினுக்கும் நேரடித் தொலைபேசி கிடையாது. செய்தியை எழுதி, சங்கேதக் குறியீட்டில் மாற்றி, வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்துக்குப் போன் செய்வார்கள். கறுப்பின இளைஞன் ஒருவன் சைக்கிளில் வந்து உறையை வாங்கிக்கொண்டு கிளம்புவான். அவன் வழியில் யாராவது பெண்ணிடம் பேச நின்றுவிடாமல் நேரே ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று ஜன்னல் பக்கம் நின்று வேண்டிக்கொள்வோம் என்று தோப்ரினின் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உலகம் எரியுமா எரியாதா என்ற கேள்வி சில நிமிடங்கள் அந்தச் சைக்கிள் கேரியரில் இருந்தது. மறுநாள் குருஷேவ் தன் சகாக்களோடு கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தத் தந்தி வந்து வாசிக்கப்பட்டது. ஏவுகணைகளைத் திரும்பப் பெறுகிறோம் என்ற அறிவிப்பு அன்றே மாஸ்கோ வானொலியில் ஒலித்தது. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொடர்புக் கம்பி போட 1963 ஜூனில் ஒப்பந்தம் ஆனது இந்த அனுபவத்தால்தான்.

கதைக்கு ஒரு வால் உண்டு. துருக்கி விஷயத்தைக் குறிப்பிட்டு குருஷேவ் எழுதிய கடிதத்தை அக்டோபர் 29 அன்று தோப்ரினின் ராபர்ட் கென்னடியிடம் கொடுத்தார். மறுநாளே ராபர்ட் அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். இப்படி ஒரு காகிதம் என்றைக்காவது வெளியே வந்தால் என் அரசியல் எதிர்காலத்துக்கே தீங்கு என்பது அவர் சொன்ன காரணம். தோப்ரினின் வாங்கி வைத்துக்கொண்டார். துருக்கியிலிருந்த ஏவுகணைகள் 1963 ஏப்ரலில் அகற்றப்பட்டன. ராபர்ட் கொல்லப்பட்ட பின் 1969இல் வெளியான அவருடைய நினைவு நூலில் பேரம் என்று எதுவும் நடந்ததாகத் தெரியாது. தோப்ரினின் வாய் திறக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1989இல் மாஸ்கோவில் கூடிய ஆய்வரங்கில்தான் நடந்ததைச் சொன்னார். அந்த நூலைப் பதிப்பித்த தியடோர் சோரன்சன் அதே அரங்கில், ஆம், அந்தப் பகுதியைத் தான்தான் மாற்றி எழுதியதாக ஒப்புக்கொண்டார்.

திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் தூதரை இரு வகையாகப் பிரிப்பார்: தானே வகுத்துச் சொல்பவர், சொல்லி அனுப்பியதை அப்படியே சொல்பவர். மாஸ்கோ விரும்பியது இரண்டாவது வகையை. சோவியத் வெளியுறவு அமைச்சர் க்ரோமிகோவின் அமைச்சகத்தில் தூதர் என்பவர் எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டியவர். தோப்ரினின் அந்த வரம்பை ஒருநாளும் வெளிப்படையாக மீறியதில்லை. ஆனால் காலப்போக்கில் முதல் வகைக்கு மெல்ல நகர்ந்தார். எதை முதலில் சொல்வது, எதைக் காதோடு சொல்வது, எந்தக் கடுமையான வாக்கியத்தை ஒரு சிரிப்போடு சொல்லி அதன் கூர்மையை மழுக்குவது என்பதெல்லாம் அவர் தீர்மானிப்பதாக ஆனது.

நிக்ஸன் காலம் அவருடைய பொற்காலம். 1969 பிப்ரவரியில் நிக்ஸன் அவரிடம், முக்கியமான விஷயங்களை வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகக் கொண்டுவர வேண்டாம், என் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரிடம் நேரே பேசுங்கள் என்றார். அன்றிலிருந்து தோப்ரினின் வெள்ளை மாளிகைக்குள், நிருபர்கள் கண்ணில் படாத வாசல் வழியாக வந்துபோனார். அவருக்கும் கிஸ்ஸிங்கருக்கும் இடையே தனித் தொலைபேசி இணைப்பே போடப்பட்டது. அணு ஆயுதக் கட்டுப்பாடு, பெர்லின், வியட்நாம், மத்திய கிழக்கு என்று எல்லாம் அந்தச் சந்திப்புகளில் அலசப்பட்டன.

இதில் யாருக்குத் தெரியாது என்பதுதான் சுவாரசியம். ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சில் அமெரிக்கக் குழுவின் தலைவர் ஜெரார்டு ஸ்மித். அவர் சோவியத் குழுவோடு மேஜையில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்த விஷயத்தில் கிஸ்ஸிங்கரும் தோப்ரினினும் அவருக்குத் தெரியாமல் உடன்பாட்டுக்கு வந்தார்கள்; 1971 மே 20 அன்று அது அறிவிக்கப்பட்டது. வெளியுறவு அமைச்சர் ராஜர்சும் கடைசி நேரம்வரை இருட்டில்தான் இருந்தார். 1972 ஏப்ரலில் கிஸ்ஸிங்கர் ரகசியமாக மாஸ்கோ போனபோது அதே விமானத்தில் தோப்ரினினும் பயணம் செய்தார். மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஜேக்கப் பீமுக்கோ தன் நாட்டு ஆள் அதே ஊரில் இருப்பது பயணத்தின் முடிவில்தான் சொல்லப்பட்டது. 1962இல் தோப்ரினினுக்கு நேர்ந்தது பத்து ஆண்டு கழித்து அமெரிக்கத் தூதருக்கு நேர்ந்தது. அடுத்த மாதமே நிக்ஸன் மாஸ்கோ சென்று, மே 26 அன்று முதல் அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவோடு கையெழுத்திட்டார்.

இரு நாட்டு வெளியுறவு அமைச்சகங்களும் சேர்ந்து 2007இல் கிஸ்ஸிங்கர், தோப்ரினின் சந்திப்புகளின் ஆவணங்களை ஒரே தொகுதியாக வெளியிட்டன. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்த நூலில் ஒவ்வொரு சந்திப்புக்கும் பெரும்பாலும் இரண்டு குறிப்புகள்: கிஸ்ஸிங்கர் நிக்ஸனுக்கு எழுதியது ஒன்று, தோப்ரினின் பொலிட்பீரோவுக்கு எழுதியது ஒன்று. ஒரே அறை, ஒரே பேச்சு. ஆனால் யார் முதலில் இறங்கிவந்தார்கள் என்பது குறிப்புக்குக் குறிப்பு மாறுகிறது. தூதர்களின் அறிக்கையை வரலாறு என்று அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த ஒரு நூலைப் புரட்டினால் போதும்.

வாஷிங்டனில் பெற்ற நம்பிக்கையை அவர் தன் அரசின் அசட்டுத்தனத்திலிருந்து காப்பாற்றவும் வேண்டியிருந்தது. நிக்ஸன் காலத்துக்கு முன்பே ஓர் உதாரணம்: 1968 தேர்தலில் அவர் வந்துவிடக் கூடாது என்று மாஸ்கோ பதறியது. எதிர்த்து நின்ற ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரிக்குத் தேர்தல் செலவுக்கு உதவலாம் என்று ரகசியமாகத் தெரிவிக்கும்படி உத்தரவு வந்தது. வெளியே தெரிந்தால் விபரீதம் என்று தோப்ரினின் எழுதிப் பார்த்தார், உத்தரவு மாறவில்லை. ஹம்ஃப்ரியின் வீட்டில் பேச்சோடு பேச்சாகத் தேர்தல் செலவு எப்படிப் போகிறது என்று தொட்டார். ஹம்ஃப்ரி புத்திசாலி. மாஸ்கோவின் நல்வாழ்த்தே போதும் என்று பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டார். தோப்ரினினுக்கு உள்ளூர நிம்மதி. நினைவுக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

எல்லா உத்தரவும் இப்படி நகைச்சுவையாக முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 இரவு, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படைகள் நுழைந்துகொண்டிருந்தபோது, அந்த நாட்டு அரசே உதவி கேட்டது என்று சொல்லும் செய்தியை அதிபர் ஜான்சனிடம் வாசித்துக் காட்டும் வேலை அவருக்கு வந்தது. சோவியத் நாட்டுக்குத் தான் போகவிருந்த பயணத்தை மறுநாள் காலை அறிவிக்கும் உற்சாகத்தில் ஜான்சன் இருந்தார். கேட்டது அவர் மூளையில் உறைக்கவேயில்லை. நன்றி சொல்லிவிட்டுப் பயணத்தைப் பற்றியே பேசினார். எதிரில் இருந்தவர் அந்தத் தவறான புரிதலைத் திருத்தவில்லை. அன்றிரவே, பயணம் ரத்து என்று ரஸ்க் கூப்பிட்டுச் சொன்னார்.

நம்பிக்கை என்ற முதலீட்டுக்கும் எல்லை இருந்தது என்பதை 1979 காட்டியது. கியூபாவில் சோவியத் ராணுவப் படைப்பிரிவு ஒன்று இருப்பதாக வாஷிங்டன் திடீரெனக் கண்டுபிடித்து அமளியானது. தோப்ரினின் அப்போது ஊரில் இல்லை. அவசரமாகத் திரும்பி வந்தார். அந்தப் படைப்பிரிவு 1962இலிருந்தே அங்கே இருக்கிறது, புதிதாக ஒன்றும் வரவில்லை என்றார். அது முழு உண்மை. ஆனால் உண்மையைக் கேட்க அந்த நேரத்தில் ஆள் இல்லை. வியன்னாவில் ஜூனில் கையெழுத்தான இரண்டாவது ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செனட்டில் அந்தப் பரபரப்பில் அடிவாங்கியது. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதும் அதன் கதை முடிந்தது.

ஆப்கானிஸ்தான் முடிவு எடுக்கப்பட்டபோதும் தோப்ரினினிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அமெரிக்கர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கணித்துச் சொல்ல, பதினேழு ஆண்டுகளாக அங்கேயே இருந்த ஒருவர் கையில் இருந்தார். முடிவெடுத்த நாலைந்து கிழவர்களுக்கு அது தோன்றவில்லை. சில வாரங்களில் முடிந்துவிடும் என்று பிரெஷ்னேவ் அவரிடம் சொன்னார். படைகள் திரும்ப 1989 பிப்ரவரி ஆனது.

ரீகன் வந்ததும் நிலைமை தலைகீழ். வெளியுறவு அமைச்சகத்தின் தரைக்கீழ்க் கார் நிறுத்தம் வழியாக நுழைந்து லிஃப்ட்டில் நேரே அமைச்சரின் தளத்துக்குப் போகும் சலுகை தோப்ரினினுக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. 1981 ஜனவரியில் ஒருநாள் அவருடைய கார் அங்கே தடுக்கப்பட்டது. மற்ற தூதர்களைப் போல முன்வாசலுக்கு வாருங்கள் என்பது புதிய அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க்கின் உத்தரவு. கார் பின்னோக்கி எடுக்கப்பட்டு, தூதர் நிருபர்கள் பார்க்க முன்வாசலில் இறங்கி நடந்தார். பனிப்போர் மறுபடி சூடாகிறது என்று அறிவிக்க அன்றைக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1983 பிப்ரவரி 15 அன்று, அடுத்த அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் அவரைச் சத்தமில்லாமல் வெள்ளை மாளிகையின் வசிப்பிடப் பகுதிக்கு அழைத்துப் போனார். ரீகன் அவரோடு உட்கார்ந்து நெடுநேரம் பேசியது அதுதான் முதல் தடவை. ஏவுகணை எண்ணிக்கைகளுக்கு நடுவில் ரீகன் ஒரு சின்ன விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு 1978இல் மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிவந்து, அங்கேயே தங்கிவிட்ட பெந்தெகொஸ்தே கிறிஸ்தவர்கள் சிலர். அவர்களை விட்டுவிடுங்கள், நான் வெற்றி என்று கொண்டாட மாட்டேன், வாய் திறக்க மாட்டேன். வல்லரசுத் தலைவர் இதையா கேட்கிறார் என்று மாஸ்கோவில் குழம்பினார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் அக்குடும்பங்கள் வெளியேறின. ரீகன் சொன்ன சொல் தவறவில்லை. இரு தரப்பும் ஒன்றையொன்று சபித்துக்கொண்டிருந்த ஆண்டில் நடந்த அபூர்வமான கொடுக்கல் வாங்கல் என்றே இதைச் சொல்லலாம். இந்த மாதிரி வேலைகளில்தான் தோப்ரினினின் அருமை இருந்தது. சாட்சி இல்லாத ஒரு வாக்குறுதியை, இந்த மனிதர் சொன்னால் செய்வார் என்ற உத்தரவாதத்தோடு மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு ஆள் கிடையாது.

1986இல் கொர்பச்சேவ் அவரைக் கட்சியின் மத்தியக் குழுச் செயலாளராக்கி அழைத்துக்கொண்டார். செய்தியைக் கேட்ட ரீகன், ‘அவர் நிஜமாகவே கம்யூனிஸ்டா?’ என்று வியந்து கேட்டாராம். வாஷிங்டனின் சந்துபொந்தெல்லாம் அறிந்தவருக்கு மாஸ்கோவின் உள்ளரசியல் அந்நியமாகப் போயிருந்தது. இரண்டரை ஆண்டில் பதவி போயிற்று. 1995இல் வெளிவந்த நினைவு நூலில், தன்னை இருட்டில் வைத்த 1962இன் முடிவையும், ஆப்கானிஸ்தானையும், கொர்பச்சேவ் அவசரப்பட்டு விட்டுக்கொடுத்ததாக அவர் கருதியவற்றையும் நிதானமாகவே விமர்சித்திருக்கிறார்.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் தாண்டிச் செல்லும் இடம் இதுதான். அந்த விமர்சனங்கள் எல்லாம் அவர் சேவகம் செய்த அரசு இல்லாமல்போன பிறகு வந்தவை. ப்ராகுக்கும் காபூலுக்கும் டாங்கிகள் போனபோது அவர் ராஜினாமா செய்யவில்லை. கொடுத்த காகிதத்தை வாசித்தார். அப்படி ராஜினாமா செய்திருந்தால் அடுத்து வரும் ஒரு சனிக்கிழமை இரவுக்கு எதிர்த்தரப்பு நம்பும் ஆள் பதினாறாம் தெருவில் இருந்திருக்க மாட்டார் என்று அவர் தரப்பில் வாதாடலாம். அந்த வாதம் பாதிதான் சரி. பேசும் வழி அடைபடாமல் பார்த்துக்கொண்ட பெருமை அவருடையது. அந்த வழியாகப் போன பொய்களில் அவருக்கும் பங்குண்டு. இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுத வேண்டும்.

தோப்ரினின் 2010 ஏப்ரல் 6 அன்று மாஸ்கோவில் காலமானார், வயது 90. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று, அமெரிக்க அதிபர் ஒபாமாவும் ரஷ்ய அதிபர் மெத்வதேவும் அடுத்த அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்தான இடம் ப்ராக்.